தஞ்சை அரண்மனைக் கட்டுகளும் நம் தகரப் பெட்டியும்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு வரலாற்றை இம்மலருக்கு எழுதித் தருமாறு செயற்குழுவினர் பணித்தபோது, இரண்டு மாலைப் பொழுதுகளில் முடிந்துவிடும் பணி என்றே எண்ணினேன். ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட செய்தியைக் கல்லிலிருந்து படித்துச் சொல்லும் ஊரில், பத்தாண்டுச் செய்தியைத் தொகுப்பதா கடினம்? செயலாளர் இல்லத்தில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்த பின்னரே என் எண்ணம் பிழை என்பது புலப்பட்டது.

பெட்டியில் வருகைப் பதிவேடுகள் நான்கு இருந்தன. இரண்டாம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் உரியவை இல்லை. அழைப்பிதழ்கள் ஒரு கட்டு. அவற்றுள் ஒரே அழைப்பிதழின் நாற்பது படிகள். சிற்றுண்டிப் பற்றுச்சீட்டுகள், நாள் குறிக்கப்படாத கவிதைகள், பொன்னாடை வாங்கிய கடையின் பில், யாருக்கு எழுதியது என்றறியாத பாதிக் கடிதம் ஆகியன எஞ்சியவை. நிழற்படங்கள் பெட்டியில் இல்லை. அவை உறுப்பினர்களின் கைப்பேசிகளில் இருக்கின்றன என்றார்கள். கூட்டக் குறிப்புகள் வாட்ஸ்அப் குழுவில், பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் காலை வணக்கங்களுக்கும் இடையே கிடக்கின்றன. மூன்றாம் ஆண்டு விழாவில் மூத்த கவிஞர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் ஆற்றிய உரை ஓர் உறுப்பினரின் கைப்பேசியில் பதிவாகியிருந்தது. அக்கைப்பேசி நீரில் விழுந்து பழுதாயிற்று. கவிஞரும் இன்று இல்லை. அவ்வுரையில் அவர் என்ன பேசினார் என்று அங்கிருந்த மூவரைக் கேட்டேன். மூன்று வெவ்வேறு உரைகள் கிடைத்தன.

ஆகவே வட்டத்தின் வரலாற்றை இப்போது என்னால் எழுத இயலவில்லை. அதற்கு ஈடாக, ஒரு நிறுவனம் தன்னிடம் என்ன இருக்கிறது என்பதையே அறியாமல் பொருள்களைச் சேர்த்துக்கொண்டே போனால் பின்வருவோர்க்கு என்ன நேர்கிறது என்பதைத் தஞ்சையின் வரலாற்றைக் கொண்டே எழுதத் துணிந்தேன். கணிப்பொறித் துறையினர் இதனை ஒழுங்குபடாத தரவு என்று குறிப்பிடுகின்றனர். கட்டம் போட்ட பேரேட்டில் அடங்குவது ஒருவகை. கடிதம், படம், குறிப்பு, பேச்சு என்று எக்கட்டத்திலும் அடங்காமல் குவிவது மற்றொரு வகை. பின்னதை எண்ணி, தரம் பிரித்து, எதை எத்தனைக் காலம் வைப்பது, யார் பார்க்கலாம் என்று விதி செய்வதற்கெனவே இன்று பெருநிறுவனங்களில் தனிப் பணியாளர்கள் உளர் என்பர். பெயர்தான் புதிது.

கல்லில் ஏறியவை

பெரிய கோயிலின் சுவர்களைப் படிப்பவர் முதலில் வியப்பது அக்கணக்கின் ஒழுங்கையே. இராசராசன் தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுக என்று ஆணையிடுகிறான். அதன்படி செப்புத்திருமேனிகளின் உயரம் முழத்தாலும் விரலாலும் தரப்படுகிறது. அணிகலன்களில் முத்து எத்தனை, எவ்வகை முத்து, அரக்கு உள்ளிட்டு நிறை எவ்வளவு என்பன வரிசையாக வருகின்றன. நிறுத்த கல்லுக்கே ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயர். தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் பெயர், முன்பு இருந்த கோயில், குடியமர்த்தப்பட்ட தெரு, அத்தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரையில் பதிவாகியுள்ளது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்த பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் இன்று ஒரு நிறுவனத்தில் பதவி கேட்டு வந்தால் மறுப்பார் இரார்.

ஆயினும் இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். கல்லில் ஏறியது, ஏற்றவேண்டும் என்று தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கு மூலமாக இருந்த ஓலைகள் எத்தனை மடங்கு இருந்திருக்கும்! சோழர் காலச் செப்பேடுகளும் கல்வெட்டுகளும் புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று கணக்குத் துறையின் பிரிவுகளையும் அலுவலர்களையும் பேசுகின்றன. ஒரு நிலக்கொடை நிறைவேற அரசன் வாய்மொழியை ஒருவர் எழுத, ஒருவர் ஒப்பிட, ஒருவர் வரிப்புத்தகத்தில் ஏற்ற, பலர் கையெழுத்திட வேண்டியிருந்தது. அத்திணைக்களத்தின் ஓலை ஒன்றுகூட நமக்கு எஞ்சவில்லை. காவிரிக் கரையின் ஈரமும் கறையானும் கொண்டவை போக, படியெடுக்கப்படாத எதுவும் நில்லாது என்பது பனையோலையின் இயல்பு. கொடுத்தது எவ்வளவு என்பதைக் கல் சொல்கிறது. கொடுக்க முடியாதவன் எழுதிய முறையீட்டு ஓலை, தள்ளுபடி கேட்ட ஊராரின் ஓலை ஆகியவற்றைக் கல்லில் வெட்டுவார் யார்?

அரண்மனையில் குவிந்தவை

சோழர் ஓலைக்கு நேர்ந்தது மராட்டியர் காகிதத்துக்கு முழுவதும் நேரவில்லை. அதற்குக் காரணம் திட்டமிட்ட பாதுகாப்பன்று. அரண்மனை கைமாறிய விதமே என்பது என் கருத்து.

நாயக்கர் காலத்துச் சரசுவதி பண்டாரத்தை மராட்டியர் தொடர்ந்து காத்தனர். 1798இல் அரியணை ஏறிய இரண்டாம் சரபோசி அதனைப் பெருநூலகமாக்கினார். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றது. மன்னர்க்குக் கோட்டையும், ஓய்வூதியமும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே எஞ்சின. படை நடத்த வேண்டாத மன்னர் நூல் சேர்த்தார். 1820இல் காசி யாத்திரை புறப்பட்டவர் சுவடிகளையும் சேர்த்துக்கொண்டு திரும்பினார். ஐரோப்பிய மொழி நூல்களை வரவழைத்து, அவற்றில் தம் கையொப்பத்தை ஆங்கிலத்தில் இட்டார். இன்றும் அக்கையொப்பத்தைக் காணலாம்.

1855இல் அவர் மகன் சிவாசி ஆண்வாரிசின்றி இறந்தார். கும்பினி அரசு அரண்மனையைக் கைப்பற்றியது. பட்டத்தரசி காமாட்சிபாய் வழக்காடினார். அரசின் செயலை நீதிமன்றம் கேள்வி கேட்க இயலாது என்று 1859இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. எனினும் தனியுடைமைகள் 1862இல் அரச குடும்பத்துக்கு மீட்டளிக்கப்பட்டன. நூலகம் அரண்மனைக்குள்ளேயே நின்றது. பொதுமக்கள் நூலகமாக அது ஆனது 1918இல். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, இது யாருடையது என்ற வினா தீராமல் இருந்தமையால் எவரும் துணிந்து எதையும் கழிக்கவில்லை.

பட்டியல் போடும் பணி வேறொருவரால் தொடங்கிற்று. தஞ்சையில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னெல், அரண்மனையின் வடமொழிச் சுவடிகளை வகைப்படுத்திய அட்டவணையைச் சென்னை அரசுக்காகத் தொகுத்தார். 1880இல் அது இலண்டனில் அச்சாகி முடிந்தது. வேதமும் சாத்திரங்களும் ஒரு பகுதி, தத்துவமும் நீதியும் ஒரு பகுதி, நாடகம், இதிகாசம், புராணம், தந்திரம் ஒரு பகுதி என்பது அவர் பகுப்பு. பின்னர் பி. பி. எஸ். சாஸ்திரி 1928 முதல் 1934 வரை பத்தொன்பது தொகுதிகளில் விளக்க அட்டவணை வெளியிட்டார். தமிழ்ச் சுவடிகளுக்கு எல். உலகநாத பிள்ளை அட்டவணை செய்தார். தமிழ் பயின்றோர் இவர்களுக்கு என்றும் கடப்பாடுடையோம்.

ஆனால் இவ்வட்டவணைகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அவை பெயருள்ளவற்றைப் பட்டியலிட்டன. ஒரு சுவடிக்கு நூற்பெயர் இருக்கும். ஆசிரியர் பெயர் இருக்கும். முதலும் முடிவும் இருக்கும். அவ்வாறு இருப்பதை அலமாரியில் எங்கே வைப்பது என்பது எளிது. நூற்பெயரும் ஆசிரியரும் இல்லாமல், அன்றாடம் எழுதிக் கட்டிவைத்த காகிதத்தை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது?

மோடிக் கட்டுகள்

அவ்வாறு நின்றவையே மராட்டிய அரசின் ஆவணக் கட்டுகள். சரசுவதி மகாலில் அவை 1342 கட்டுகள் என்பது கணக்கு. மராத்தி மொழி, எழுத்து மோடி. யாதவ அரசின் அமைச்சர் ஏமாத்ரி வகுத்தது என்பர். அது மரபுச் செய்தி. எழுதுகோலை அடிக்கடி எடுக்காமல் விரைந்து எழுத வாய்ப்பான எழுத்து. தாளின் குறுக்கே முதலில் கோட்டை இழுத்துவிட்டு, அதிலிருந்து எழுத்துகளைத் தொங்கவிட்டுக்கொண்டே போவார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது. எழுதுபவனுக்குச் சேமித்த நேரத்தை எல்லாம் படிப்பவனிடமிருந்து வட்டியுடன் வசூலிக்கும் எழுத்து அது. தஞ்சைக் கட்டுகளில் மராத்திச் சொற்களோடு தமிழும் பாரசீகமும் ஆங்கிலமும் கலந்து வருவதால், மராத்தி மட்டும் அறிந்தவரும் தடுமாறுவர். ஆண்டுக் கணக்கும் அப்படியே. பசலி என்றால் நம் ஊர்களில் இன்றும் தெரியும். சூலையில் பிறக்கும் பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். அது ஒழிந்து, அரபுச் சொற்களால் எண்ணுரைக்கும் சுகூர் சன்னும், முகம்மதிய மாதப் பிறையும் வந்தால் அட்டவணையைத் துணைக்கொள்ள வேண்டியதே.

மகாராட்டிரத்திலேயே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மோடி வழக்கொழிந்து தேவநாகரி அதன் இடத்தைப் பிடித்தது. ஆக, கட்டுகள் இருந்தன, இடம் இருந்தது, வசம்பும் மிளகும் கிராம்பும் பட்டையும் பச்சைக் கற்பூரமும் பொடித்துத் துணியில் முடிந்து பூச்சியையும் தடுத்தார்கள். குறைந்துகொண்டே வந்தது படிப்பவர் தொகை. காகிதம் கெடுவதற்கு முன்னரே அதன் எழுத்து இறந்துபோகக் கூடும் என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. இருபது ஆண்டுக்கு முந்தைய நெகிழ்வட்டு ஒன்றை வைத்துக்கொண்டு அதைத் திறக்கும் கருவிக்கு அலைந்தவர்க்கு இது விளங்கும்.

அக்கட்டுகளுள் இருப்பது என்ன? ஒரே எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சரபோசி மன்னர் 1801 சனவரியில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் முன்னோர் நிறுவிய சத்திரங்கள் தம் பொறுப்பிலேயே இருக்கவேண்டும் என்பது வேண்டுகோள். எல்லாச் சாதியினரான வழிப்போக்கர்க்கும் உணவளிப்பதையும், நோயுற்றோர்க்கு மருத்துவம் பார்ப்பதையும், ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்துக் கல்வி கற்பிப்பதையும், கருவுற்ற பெண்கள் வழியில் வலி கண்டால் பேணுவதையும் அதில் எடுத்துரைத்தார். உருக்கமான கடிதம். சத்திரங்களைப் பற்றி எழுதும் எவரும் இதனைக் காட்டாமல் விடுவதில்லை.

எனினும் கடிதம் ஒரு விண்ணப்பமே. வேண்டுகோள் விடுப்பவர் தம் அறத்தைக் குறைத்துச் சொல்லமாட்டார். அக்கடிதம் கூறுவது நடந்ததா, எந்த அளவில் நடந்தது என்பதைச் சரிபார்க்க வேண்டுமானால் சத்திரத்துச் செலவுக் கணக்கிடம்தான் போகவேண்டும். அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, சம்பளம் யாருக்கு, மருந்துக்கு என்ன என்று அன்றாடம் எழுதிய கணக்கன், பிற்காலத்தவர் படிப்பர் என்று கருதி எழுதவில்லை. யாரையும் நெகிழ்விக்கும் எண்ணமும் அவனுக்கு இல்லை. ஆதலின் அவன் சொல்லுக்குத் தனி எடை உண்டு. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தின் கட்டடத்தைக் கண்டு அதன் சிற்பத்தை வியப்பவர் பலர். அடுப்பங்கரைக் கணக்கைத் தேடியவர் சிலர்.

தேடியவர்களால் பயன் விளைந்தது. கே. எம். வேங்கடராமையா ‘தஞ்சை மராட்டிய மன்னர் கால அரசியலும் சமுதாய வாழ்க்கையும்’ என்னும் பெருநூலில் மோடி ஆவணச் செய்திகளைப் பரவலாக எடுத்தாண்டார். 1984இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அதனை வெளியிட்டது. அப்பல்கலைக்கழகமே 1989இல் மோடி ஆவணங்களின் தமிழாக்கத்தைக் குறிப்புரையுடன் மூன்று தொகுதிகளாகக் கொணர்ந்தது. என் ஆய்வுக் காலத்தில் அம்மூன்று தொகுதிகளையும் மேசையிலிருந்து எடுத்ததே இல்லை. ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட கட்டுகளின் முன் மூன்று தொகுதிகள் என்பது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் மகிழ்ச்சி சற்றே அடங்கும்.

சரபோசியின் கண் மருத்துவக் குறிப்புகள் இன்னொரு செய்தி. கண்ணோய் கண்டு சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய குறிப்புகள், கண்ணின் வண்ணப் படங்களுடன் நூலகத்தில் உள்ளன. கண் மருத்துவர்களே வந்து ஆராய்ந்து வியந்தனர். அந்நோயாளிகள் உயிருடன் இருந்த நாளில் அக்குறிப்பைப் பிறர் பார்த்திருக்கலாமா? கூடாது என்றே சொல்வேன். தனியாளின் தகவலைக் காப்பதற்கு இந்தியாவில் 2023இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. ஒரே தாள் ஒரு தலைமுறைக்கு மறைக்கத்தக்கதாகவும், பின்னொரு தலைமுறைக்கு விளக்கத்தக்கதாகவும் ஆகிறது. எந்த நாளில் அது மாறுகிறது என்பதற்கு விதி செய்வதுதான் கடினம். மறைக்கத்தக்கது என்பதால் எரித்துவிடு என்பது எளிய விடை. எளிய விடைகளால் நாம் இழந்தவை மிகுதி. சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டதைக் கரிவலம்வந்தநல்லூரில் கேட்டறிந்து உ. வே. சாமிநாதையர் நொந்த செய்தியை நம்முள் அறியாதார் இலர். இட்டவர் பகைவர் அல்லர். சாத்திரப்படி சுவடிக்குச் செய்யும் மரியாதை என்றே செய்தனர்.

அரசு அலுவலகங்களில் ஒரு முறை உண்டு. கோப்பு முடிவுற்றதும் ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று வாழ்நாள் குறித்து அதன்படி வைப்பர், கழிப்பர். நல்ல முறை. எல்லாவற்றையும் வைத்திருப்பவன் எதையும் கண்டெடுக்க மாட்டான். 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டமும், பொது அலுவலகங்கள் தம் ஆவணங்களை அட்டவணைப்படுத்தி வைத்தல் கடமை என்றே கூறுகிறது. ஆயினும் சத்திரத்து அடுப்பங்கரைக் கணக்கு அந்நாளில் ஓர் அலுவலர் முன் வந்திருந்தால் ஓராண்டு என்றுதான் குறித்திருப்பார் என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை. அவர் மீது குற்றமும் இல்லை. கட்டை அவிழ்த்துப் படித்த ஒருவர் அவர் பக்கத்தில் இருந்திருந்தால் வேறாகக் குறித்திருக்கக் கூடும்.

பரணில் இருந்தவை

இதனை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வீட்டுக் காரணம் ஒன்று உண்டு. என் பாட்டனார் திருவையாற்றுப் பக்கத்தில் ஒரு சிற்றூரின் கணக்குப்பிள்ளை. 1980 நவம்பரில் கிராமக் கர்ணம் பதவிகளை அரசு ஒழித்தபோது, அரசுக்கு உரிய பதிவேடுகளை முறைப்படி ஒப்படைத்துவிட்டார். அவருடைய சொந்தக் குறிப்பேடுகள் வீட்டிலேயே நின்றன. அடங்கலில் இடம்பெறாதவை அவற்றில் இருந்தன: எந்த வாய்க்காலில் யாருக்கு எந்த நாள் முறைத்தண்ணீர், மதகை மாற்றிக் கட்டிய ஆண்டு, மராமத்துக்கு எந்த வீட்டிலிருந்து எத்தனை ஆள் வந்தார்கள், வராதவர் சொன்ன காரணம் என்ன.

நான் முதுகலை முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது பாட்டனார் மறைந்தார். பதினாறாம் நாளுக்குப் பின் வீட்டை வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தார்கள். விடுமுறைக்கு வந்து பரணைப் பார்த்தேன்; சுண்ணாம்பு வாசனை மட்டும் இருந்தது. “பழைய கணக்குத்தானேம்மா, யாருக்கு அது புரியப் போகுது?” என்றார் சிற்றப்பா. எடைக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். அவரைக் குறைகூறேன். அது புரியும் என்று அவரிடம் நானும் அதற்கு முன் ஒருநாளும் சொன்னதில்லை. பழந்தமிழ் நூல்களைப் பாடம் கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பரணில் இருப்பதும் ஏடு என்று தோன்றவில்லை.

சில ஆண்டுகள் கழித்துக் கடைமடையில் இரு குடும்பத்தாரிடையே தண்ணீர் முறை பற்றித் தகராறு எழுந்தது. இரு தரத்தாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். “ஐயா எழுதி வச்சிருப்பாங்களே, அதை எடுத்துப் பாருங்கம்மா. அதுல என்ன இருக்கோ அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படறோம்” என்றார் பெரியவர் ஒருவர். அப்பாச்சி தலை நிமிராமல் உள்ளே போய்விட்டார். அவ்வழக்கு நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்தது. அதற்குள் ஒருவர் நிலத்தை விற்றுவிட்டார்.

ஒரே ஒரு குறிப்பேடு தப்பியது. அதன் பின்பக்கங்களில் அப்பாச்சி பால் கணக்கு எழுதியிருந்தபடியால் அது சமையலறை மாடத்தில் இருந்தது. இப்போது என்னிடம் உள்ளது.

தகரப் பெட்டி

சென்ற இரு மாதங்களாகச் செயலாளரும் நானும் ஞாயிறுதோறும் அமர்ந்து வட்டத்தின் பெட்டியைப் பட்டியலிட்டு வருகிறோம். ஒவ்வொரு தாளுக்கும் எண், நாள், யார் தந்தது, எதைப் பற்றியது என்று நான்கு பத்தி. நாற்பது அழைப்பிதழ்களில் மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்தோம். அப்படிக் கழித்ததையும் பட்டியலில் எழுதினோம். உறுப்பினர் ஒருவரின் மருத்துவச் செலவுக்கு வட்டம் திரட்டித் தந்த தொகை பற்றிய கடிதங்களைத் தனி உறையில் இட்டு, அவர் விருப்பத்தைக் கேட்ட பின்னரே பிறர் பார்க்கலாம் என்று குறித்துள்ளோம். பற்றுச்சீட்டுகளுக்கு வந்தபோது செயலாளர் தயங்கினார். ஐந்தாம் ஆண்டுக்கு வருகைப் பதிவேடு இல்லை என்பதை நினைவூட்டினேன். அவ்வாண்டு ஆவணிக் கூட்டத்துச் சிற்றுண்டிச் சீட்டில் வடை நூற்றிருபது என்று இருக்கிறது. அக்கூட்டத்துக்கு வந்தோர் தொகையை ஊகிக்க இன்று அதுவே நமக்குச் சான்று. ஆளுக்கு இரண்டு என்று கொண்டால் அறுபதின்மர். செயலாளர் மூன்று தின்றதாக அவரே ஒப்புக்கொண்டமையால் தொகையில் சிறு பிழை இருக்கலாம்.

கைப்பேசிகளில் உள்ளவை இன்னும் பெட்டிக்கு வரவில்லை. மூன்றாம் ஆண்டு விழாவின் ஒலிப்பதிவோ, ஓரிரு நிமிடக் காட்சிப் பதிவோ எவரிடமேனும் இருக்கக்கூடும். பழைய கைப்பேசியை மாற்றும் எண்ணமுடைய அன்பர்கள் அதற்குமுன் ஒருமுறை தேடிப் பார்த்து, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டு இடங்களில் படியெடுத்து வைப்போம். படத்தில் இருப்பவர் யார், எந்த நாள் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொணர்தல் நலம். பெட்டி ஆனி மாதம் வரை செயலாளர் இல்லத்தில் இருக்கும். பட்டியலில் இன்றுவரை 312 எண்கள் ஏறியுள்ளன.